பாம்புக்காதும் அப்பாவின் மெஷினும்

வீட்டில் அவளுக்குப் பாம்புக்காது என்று பெயர். வைத்தவர் அப்பா. சின்ன வயதில், அடுப்படியில் அம்மாவும் சித்தியும் குசுகுசுவென்று பேசுவதைத் தெருவில் விளையாடிக்கொண்டிருந்தபடியே கேட்டுவிட்டு, சாப்பாட்டு நேரத்தில் எல்லார் முன்னாலும் ஒப்பித்துவிடுவாள். அம்மாவுக்கு மானம் போகும். அப்பாவுக்குச் சிரிப்பு அடங்காது. "பாம்புக்காது இது, இதுகிட்ட ரகசியம் தங்காது" என்று தெருவே கேட்கிற குரலில் சொல்வார். அவருக்கு எதையும் மெல்லச் சொல்ல வராது. புதுக் கட்டடங்களில் தரைக்கு பாலிஷ் போடும் மெஷினைத் தள்ளுவது அவர் தொழில். அந்த மெஷினின் இரைச்சலில் காது பாதி போயிருந்தது. கல் தூசியில் நெஞ்சு போய்க்கொண்டிருந்தது என்பது யாருக்கும் அப்போது தெரியாது.

அவளுக்கு அந்தக் காது யாரிடமிருந்து வந்தது என்று வீட்டில் ஒருவரும் யோசித்ததில்லை. அம்மா வாயைத் திறந்து தன்னைப் பற்றி எதுவும் சொல்கிற ரகம் இல்லை. ஆனால் அப்பா மதியத்தில் குறட்டை விட்டுத் தூங்கும்போது, அடுத்த அறையில் அம்மாவும் கண்ணயர்ந்திருப்பாள். குறட்டை ஒரு மூச்சு தாமதித்தால் போதும், எழுந்து உட்கார்ந்துவிடுவாள். குறட்டை திரும்ப வந்ததும் படுத்துக்கொள்வாள். எதற்கு எழுந்தாய் என்று கேட்டால், எழுந்தேனா என்று திருப்பிக் கேட்பாள்.

பாம்புக்காது வளர்ந்து, காதை வைத்தே பிழைக்கிற வேலைக்குப் போனாள். டிவி சீரியல்களுக்குச் சத்தம் சேர்க்கிற ஸ்டுடியோ. கதவு சாத்துவது, வளையல் குலுங்குவது, மாமியார் டம்ளரைத் தரையில் வைக்கிற வேகம், எல்லாம் அவள் கைவேலை. ஆனால் அவளுடைய தனிக் கெட்டிக்காரத்தனம் யாருக்கும் கேட்காத சத்தத்தில் இருந்தது. ஓர் அறை சும்மா கிடக்கும்போதும் சும்மா கிடப்பதில்லை. மின்விசிறி, தெரு, குழாய், சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ நகர்வது என்று அடியில் ஏதோ ஓடிக்கொண்டே இருக்கும். சீரியலில் இரண்டு பேர் பேசி முடித்ததும் அந்த அடிச்சத்தமும் அற்றுப்போனால், பார்க்கிறவருக்குக் காது அடைத்த மாதிரி ஆகிவிடும். அதற்காக ஸ்டுடியோக்காரர்கள் ஒரு துண்டுச் சத்தத்தை எடுத்து, அதன் வாலைத் தலையோடு ஒட்டி, முடிவில்லாமல் சுற்றவிடுவார்கள். லூப் என்பார்கள்.

லூப் செய்வது சுலபம் என்று நினைக்கிறவர்கள் மனித மூளையைப் பற்றி ஒன்றும் தெரியாதவர்கள். மூளை ஒரு சந்தேகப் பிராணி. பாட்டென்றால் நினைவில் நிற்கும், மெட்டென்றால் நினைவில் நிற்கும், வெறும் உஸ்ஸென்ற இரைச்சல் எங்கே நிற்கப் போகிறது என்று நாம் நினைக்கிறோம். அதுதான் இல்லை. தலையும் காலும் இல்லாத இரைச்சலாகவே இருக்கட்டும், அதில் ஒரே துண்டு திரும்பத் திரும்ப வந்தால், சில சுற்றுகளிலேயே மூளை மோப்பம் பிடித்துவிடும். பிடித்ததை நம்மிடம் சொல்லாது. காதும் காதும் வைத்தாற்போல உள்ளே பூட்டி வைத்துக்கொள்ளும். வாரக்கணக்கில் கழித்து அதே துண்டு எங்காவது ஓடினால், ஆளுக்கு எதுவும் விளங்காது, ஆனால் உள்ளே எதுவோ நிமிர்ந்து உட்காரும். அதனால் லூப் செய்கிறவள் முதலில் செய்ய வேண்டியது, அடையாளம் காட்டும் எதையும் விடாமல் துடைப்பது. ஒரு தும்மல், ஒரு நாய்க்குரைப்பு, ஒரு நாற்காலிக் கிறீச்சு இருந்தால் போச்சு. மூளை அதற்காகக் காத்திருக்க ஆரம்பித்துவிடும். இதில் அவளை மிஞ்ச ஆள் இல்லை என்று ஸ்டுடியோவில் எல்லாரும் சொல்வார்கள். அவளும் அதை நம்பினாள்.

அப்பாவின் நெஞ்சு கடைசியில் கையை விரித்தபோது, வீட்டுக்கு ஆக்ஸிஜன் மெஷின் வந்தது. கட்டில் பக்கத்தில் குட்டி பீரோ மாதிரி நின்றது. அதன் அடியில் ஒரு ரீங்காரம். மேலே புஸ்ஸென்று ஒரு பெருமூச்சு, டொக்கென்று ஒரு தட்டு, மறுபடி பெருமூச்சு. குழாய் வந்து இறங்கும் தண்ணீர்க் குப்பியில் ஓயாத கொப்பளிப்பு. இத்தனைக்கும் நடுவில் அப்பாவின் மூச்சு. இழுக்கும்போது மெல்லிய விசில், முடியும் இடத்தில் சில நேரம் இரண்டு முறை தட்டி நிற்கும், படியேறி வந்தவர் கடைசிப் படியில் தடுக்கிக்கொள்வது மாதிரி. அந்த இரட்டைத் தட்டல் வந்தால் தொண்டை வறண்டிருக்கிறது என்று அர்த்தம். அம்மா எங்கே இருந்தாலும் தண்ணீர் டம்ளரோடு வந்து நிற்பாள். அப்பா கூப்பிட்டதே இல்லை, கூப்பிடத் தெம்பும் இல்லை.

அந்தச் சத்தத்தை அவள் பதிவு செய்தாள். எதற்கு? அப்பா நினைவாக இருக்கட்டும் என்று சொல்லலாம். நல்ல சத்தம், வேலைக்கு ஆகும் என்றும் சொல்லலாம். மைக்கைக் கட்டில் காலில் கட்டும்போது இரண்டில் எது தன் மனதில் இருந்தது என்று அவளுக்கே தெரியவில்லை. அது தெரியாததுதான் பின்னால் அவளை அரித்துத் தின்றது.

ஒரு மத்தியானம். அம்மா பல நாள் சரியாகத் தூங்காமல் தள்ளாடிக்கொண்டிருந்தாள். "நீ போய்ப் படும்மா, நான் இங்கேயே இருக்கேன்" என்று அவள்தான் பிடிவாதமாக அனுப்பி வைத்தாள். சொன்னபடி கட்டில் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். அதில் குறையில்லை. உட்கார்ந்தவள் சும்மா இருந்திருக்கலாம். மடியில் லேப்டாப்பைத் திறந்து, காதில் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு, முந்தின நாள் பதிவில் இருந்து ஒரு லூப் செய்ய ஆரம்பித்தாள். காதுக்குள் மெஷின் ஓடியது, குப்பி கொப்பளித்தது, அப்பா மூச்சு விட்டார். வாலைத் தலையோடு ஒட்டினாள். சுற்றவிட்டாள். அப்பா மூச்சு விட்டுக்கொண்டே இருந்தார்.

அறைக்குள் ஏதோ நிழல் ஆடவும் நிமிர்ந்தாள். வாசலில் அம்மா. தலைமுடி கலைந்து, தூக்கத்தில் இருந்து அப்படியே எழுந்து வந்த கோலம். அம்மாவின் கண் கட்டில் மேல் இருந்தது. மகள் தன் காதிலிருந்த ஹெட்ஃபோனைப் பிடுங்கி முதுகுக்குப் பின்னால் செருகினாள். அப்புறம்தான் அப்பாவைப் பார்த்தாள். மெஷின் ஓடிக்கொண்டேதான் இருந்தது. அதில் அப்பா இல்லை.

எத்தனை நேரமாக இல்லை என்பது அவளுக்குத் தெரியாது. பாம்புக்காது கைக்கெட்டும் தூரத்தில் உட்கார்ந்திருக்க, சுவருக்கு அந்தப் பக்கம் தூங்கியவள் எழுந்து வந்திருக்கிறாள். துக்கம் கேட்க வந்தவர்களிடம் எல்லாம் அம்மா ஒரே வார்த்தையைத்தான் சொன்னாள். "என் மக பக்கத்துலயே உட்கார்ந்திருந்தா. அவ கண்ணெதிரதான் போனார். அந்த மட்டுக்கும் குடுத்து வச்சவர்." அம்மா பாவம், ஒன்றும் அறியாதவள் என்று அவள் நினைத்தாள். அந்த வார்த்தை காதில் விழும் ஒவ்வொரு முறையும் எழுந்து கொல்லைப்புறம் போய்விடுவாள்.

அதோடு விட்டிருந்தால் அது அவள் மனதோடு போயிருக்கும். சீரியல் விட்டதா?

ஸ்டுடியோவில் அப்போது ஓடிக்கொண்டிருந்தது ஒரு கூட்டுக்குடும்பக் கதை. அதில் ஒரு பெரியவர். இரண்டு மருமகள்களையும் வீட்டைவிட்டுத் துரத்தி, சொத்துக்காகத் தம்பியையே சிறையில் தள்ளிய மகா பாவி. அவரை மாடிப்படியில் உருட்டிவிட்டுக் கோமாவில் படுக்க வைத்திருந்தார்கள். சாகவும் மாட்டார், எழுந்திருக்கவும் மாட்டார். நடிகருக்கு வேறு இடத்தில் வேலை கிடைக்கவில்லை, டைரக்டருக்கு அவரைக் கொல்ல மனம் வரவில்லை. கட்டிலைச் சுற்றி நின்று ஆளாளுக்கு அழுவதும் சபதம் போடுவதுமாகக் கதை மாதக்கணக்கில் அங்கேயே குடியிருந்தது.

"என்னம்மா இது, அந்த ரூமு செத்த வீடு மாதிரி இருக்கு?" என்றார் டைரக்டர். "ஆளு உசுரோடதான இருக்கான்? உசுரு இருக்கற மாதிரி ஒரு சத்தம் போடு."

ஸ்டுடியோவில் இருந்த ஆஸ்பத்திரிச் சத்தங்கள் எல்லாம் ஒன்று பீப் பீப் என்றன, இல்லாவிட்டால் தண்ணீர் பம்பு மாதிரி இருந்தன. எபிசோட் சாயங்காலத்துக்குள் போயாக வேண்டும். அவள் லேப்டாப்பில் அந்த லூப் தயாராக இருந்தது. இன்றைக்கு ஒரு நாள் மட்டும், நாளைக்கு வேறு செய்துவிடலாம் என்று சொல்லிக்கொண்டுதான் போட்டாள். அப்பாவின் விசிலைத் துடைத்தாள். தொண்டைச் செருமலைத் துடைத்தாள். இரட்டைத் தட்டலை மட்டும் முழுசாகத் துடைக்க முடியவில்லை. அது ரீங்காரத்தோடு பின்னிக் கிடந்தது, எடுத்தால் ரீங்காரம் கிழிந்தது. அமுக்கி அடியில் தள்ளினாள். இத்தனூண்டு யாருக்குக் கேட்கப் போகிறது?

டைரக்டர் கேட்டுவிட்டுத் தலையை ஆட்டினார். "பார்த்தியா, இப்பதான் கிழவனுக்கு உசுரு வந்திருக்கு" என்றார். அவள் பாராட்டுக்குச் சிரித்துவைத்தாள். மறுநாள் வேறு செய்யவில்லை. அதற்கு மறுநாளும் செய்யவில்லை.

முதலில் மோப்பம் பிடித்தவன் மிக்ஸிங்காரன். எல்லாச் சத்தத்தையும் ஒன்றுசேர்க்கிற பையன், தினமும் அந்த அறையில் மணிக்கணக்கில் கிடப்பவன். "அக்கா, உங்க லூப்ல ஏதோ ஒண்ணு வருது" என்றான்.

"என்ன வருது?"

"என்னன்னு தெரியல. எங்கன்னும் தெரியல. ஆனா வரப்போகுது வரப்போகுதுன்னு கழுத்து இழுத்துக்குது. வந்ததும் விட்டுடுது."

"உனக்குப் பசிக்குது, போய் சாப்பிடு" என்றாள். அவன் சொன்னது சரி என்று அவளைத் தவிர யாருக்குத் தெரியும்? அங்கேயே நிறுத்தியிருக்கலாம். தன் கைத்திறமைக்கு ஒருவன் குறை சொல்வதா என்ற வீம்பும் கொஞ்சம் இருந்தது, அதையும் சொல்லிவிட வேண்டும்.

வீட்டில் இப்போது அம்மாவும் அவளும் மட்டும். அண்ணன் இரண்டு தெரு தள்ளிக் குடும்பத்தோடு இருந்தான். அவள் வேலை முடிந்து வர இருட்டிவிடும் என்பதால், சாயங்காலங்களில் அண்ணி வந்து மாமியாருக்குத் துணை இருந்துவிட்டுப் போவாள். அண்ணிதான் ஒரு நாள் விஷயத்தைச் சொன்னாள்.

"அத்தை சீரியல் பார்த்துக்கிட்டே இருப்பாங்க. திடீர்னு எழுந்து, டம்ளர்ல தண்ணி மோந்துக்கிட்டு மாமா ரூமுக்குப் போவாங்க. காலி கட்டில் முன்னால நிப்பாங்க. அப்புறம் திருதிருன்னு முழிச்சிட்டு திரும்பி வருவாங்க. தினமும் இதே கதை. எனக்குப் பயமா இருக்கு."

அண்ணன் அம்மாவைக் கேட்டான். அம்மா அவமானத்தில் குறுகிப்போனாள். "எனக்கென்னப்பா தெரியும்? கால் தானா போயிடுது. போய் நின்னப்புறம்தான் அவர் இல்லன்னு ஞாபகம் வருது" என்றாள்.

பாம்புக்காது மறுநாள் லீவு போட்டுவிட்டு அம்மாவோடு சோபாவில் உட்கார்ந்தாள். அவளுக்குப் பாதி தெரிந்துவிட்டிருந்தது, மீதியும் தெரிந்துவிடக்கூடாதே என்று வேண்டிக்கொண்டாள். பெரியவரின் அறை வந்தது. மருமகள் ஒருத்தி கட்டில் காலடியில் நின்று சபதம் போட்டாள். அந்த வசனத்துக்கு அடியில், அடிக்கும் அடியில், அப்பாவின் மெஷின் ஓடியது. அம்மாவின் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை, சபதத்தைத்தான் கேட்டுக்கொண்டிருந்தாள். லூப் ஒரு சுற்று போனது. இரண்டாவது சுற்றில் அம்மாவின் கை விரல்கள் முந்தானையை விட்டுவிட்டு விறைத்து நிமிர்ந்தன. அடுத்த இரட்டைத் தட்டல் வருவதற்கு ஒரு கணம் முன்னாலேயே அம்மா எழுந்துவிட்டாள். சமையலறையில் குடத்தில் டம்ளர் இடிக்கும் சத்தம் கேட்டது.

அவள் அசையவில்லை. வாயைத் திறந்து, அம்மா, அது நான் செய்த வேலை என்று சொல்ல ஒரு வாக்கியம் போதும். சொன்னால் அடுத்த கேள்வி வரும்: அந்தச் சத்தத்தை எப்போது எடுத்தாய், எப்போது ஒட்டினாய்? அதற்குப் பதில் சொன்னால் அந்த மத்தியானம் வெளியே வரும்.

டாக்டரிடம் போனார்கள். அண்ணன், அம்மா, அவள். டாக்டர் பொறுமைசாலி, அம்மாவை நிறையப் பேசவிட்டார். கணக்குக் கேட்டார், பேரப்பிள்ளைகள் பெயர் கேட்டார், எல்லாவற்றுக்கும் அம்மா சரியாகப் பதில் சொன்னாள்.

"மூளைக்கு ஒரு பழக்கம் இருக்கு" என்றார் டாக்டர். "திரும்பத் திரும்ப வர்றதை அது தானா கத்துக்கும், நம்ம அனுமதி கேக்காது. தூங்கும்போதும் கவனிக்கும். ஃப்ரிட்ஜ் ஓடறது நமக்குக் கேக்கறதில்ல, ஆனா படக்குன்னு நின்னா திரும்பிப் பாக்கறோம் இல்லையா? வர வேண்டியது வரலன்னாதான் அதுக்குப் பெரிய கலவரம். இத்தனை நாள் நோயாளி பக்கத்துல இருந்தவங்களுக்கு ஏதாவது ஒண்ணு அதைத் தட்டி எழுப்பலாம். அந்த நேரத்துல வீட்ல பழக்கமான சத்தம், வாசனை, அப்படி எதாச்சும்?"

"ஒண்ணுமில்ல டாக்டர். சீரியல் பார்ப்பாங்க, அவ்வளவுதான்" என்றான் அண்ணன்.

டாக்டர் அவள் பக்கம் திரும்பினார். "நீங்கதான கூடவே இருக்கீங்க? உங்களுக்கு எதாவது தோணுதா?"

மேசை மேல் ஒரு கண்ணாடிப் பேப்பர்வெயிட் இருந்தது. அதையே பார்த்துக்கொண்டு, "இல்ல டாக்டர்" என்றாள்.

அம்மா அவளை ஒரு முறை பார்த்தாள். அப்புறம் புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டாள். டாக்டர் சின்னதாக ஒரு மாத்திரை எழுதினார், கொஞ்ச நாள் பார்க்கலாம் என்றார்.

மாத்திரை அம்மாவை முடக்கிப் போட்டது. பகலெல்லாம் மந்தமாக உட்கார்ந்திருந்தாள். பேச்சு இழுபட்டது. காபி டம்ளர் கை நழுவியது. ஆனாலும் சாயங்காலம் அந்த அறைக் காட்சி வந்தால், சுவரைப் பிடித்துக்கொண்டாவது எழுந்து போனாள். ஒரு நாள் நிலைப்படியில் இடித்து நெற்றி வீங்கியது. அதைப் பார்த்த அண்ணன் தீர்மானமாகச் சொல்லிவிட்டான். "அந்த ரூமைக் காலி பண்ணி, வீட்டைப் பூட்டிடலாம். அம்மா எங்ககூட வந்துடட்டும். இதுக்கு மேல தனியா விட முடியாது."

"நான் எங்கயும் வரல" என்றாள் அம்மா, குழறிய நாக்கோடு. "இது என் வீடு."

"உனக்கு சரியில்லம்மா. புரிஞ்சுக்கோ."

அம்மா மகளைப் பார்த்தாள், நீயாவது ஒரு வார்த்தை சொல்லேன் என்கிற பார்வை. மகள் வீக்கத்துக்கு ஐஸ் எடுத்துவரப் போய்விட்டாள். ஃப்ரிட்ஜ் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு, குளிரில் முகத்தைக் கொடுத்து, ஒரு குரல் அழுதாள். தாய்க்குச் செய்யக்கூடிய துரோகத்தில் இதற்கு மேல் என்ன மிச்சம் இருக்கிறது என்று தன்னைத்தானே கேட்டாள். கேட்டுவிட்டு ஐஸோடு திரும்பி வந்தாள்.

வாய் திறக்காமலே காரியத்தை முடிக்க அவளுக்கு ஒரு வழி தோன்றியது. கோழைகளுக்கு இப்படி ஒரு வழி எப்போதும் தோன்றும். லூப்பை மாற்றிவிட்டால்? மறுநாளே ஸ்டுடியோவின் ஏசி மெஷினையும் ஒரு பழைய மின்விசிறியையும் கலந்து புதிதாக ஒன்று செய்தாள். சுத்தம், வழவழப்பு, ஒரு மச்சம்கூட இல்லை. மிக்ஸிங்காரன் கேட்டுவிட்டு, "அப்பாடா, கழுத்து இழுக்கறது நின்னுடுச்சு" என்றான். இனி அம்மா எழுந்திருக்க மாட்டாள், மாத்திரையை நிறுத்திவிடலாம், அண்ணனும் அடங்கிவிடுவான். யாருக்கும் எதுவும் தெரிய வேண்டியதில்லை.

அந்த எபிசோட் வந்த சாயங்காலம் சீக்கிரமே வீட்டுக்கு வந்து, அண்ணியை அனுப்பிவிட்டு அம்மா பக்கத்தில் உட்கார்ந்தாள். அம்மா மாத்திரை மயக்கத்தில் சோபாவில் சாய்ந்திருந்தாள், கண் பாதி மூடி. பெரியவரின் அறை வந்தது. புதுச் சத்தம் ஓடியது. அம்மா அசையவில்லை. ஒரு சுற்று. இன்னொரு சுற்று. அவளுக்கு உயிர் திரும்பியது. அம்மாவின் காலை எடுத்து மடியில் வைத்துக்கொள்ளலாம் என்று குனிந்தாள்.

அம்மாவின் கண் முழுசாகத் திறந்தது.

தண்ணீர் எடுக்கவில்லை. சுவரைப் பிடிக்கவில்லை. அத்தனை மயக்கத்திலும் ஓடினாள். அறைக்குள் இருந்து வந்த குரலை அவள் ஒரு முறை கேட்டிருக்கிறாள், அந்த மத்தியானத்தில், அம்மா அப்பாவைத் தொட்டுப் பார்த்தபோது.

"நின்னுடுச்சு... நின்னுடுச்சுடி!"

அம்மா கட்டில் மேல் குனிந்து, வெறும் மெத்தையை இரண்டு கையாலும் தடவிக்கொண்டிருந்தாள். "நான் இங்கதான இருந்தேன். கேட்டுக்கிட்டேதான இருந்தேன். எப்ப நின்னுச்சு?" என்று அவளையே கேட்டாள். புருஷனை இரண்டாவது தடவை பறிகொடுத்த முகம் அது. பறித்தது யார் என்று மகளுக்கு மட்டும் தெரியும். இந்தத் தடவையும் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.

தரையில் உட்கார்ந்தாள். "நிறுத்தினது நான்தாம்மா" என்றாள்.

அப்புறம் வாய் தானாகத் திறந்துகொண்டது. மைக், லூப், டைரக்டர், பெரியவரின் அறை, எல்லாவற்றையும் கொட்டினாள். அம்மா கட்டில் விளிம்பில் உட்கார்ந்து கேட்டாள். பாதியிலேயே மயக்கம் தெளிந்த மாதிரி இருந்தது.

"அந்தப் பாவி கட்டில்லயா உங்கப்பாவைப் படுக்க வச்ச?" என்றாள் கடைசியில்.

"ஆமாம்மா."

"ரெண்டு மருமகளையும் துரத்தினவன் அவன்."

"ஆமாம்மா."

"கூடப் பொறந்த தம்பியை ஜெயில்ல போட்டவன். போயும் போயும் அவனுக்கா?" அம்மாவின் குரல் ஏறியது, உடனே உடைந்தது. "எனக்குப் பைத்தியம் பிடிச்சிருச்சுன்னு நானே நம்பிட்டேன்டி. தினமும் அந்த மாத்திரையைப் போடறப்ப, தண்ணி குடுத்தது நீதான?"

அம்மா அடித்திருந்தால் தேவலை. இனி மறைக்க என்ன இருக்கிறது என்று, மிச்சத்தையும் சொன்னாள். "அன்னைக்கு மத்தியானம் நான் அப்பாவைப் பார்த்துக்கல. காதுல ஹெட்ஃபோன் இருந்துச்சு. இந்த லூப்பைத்தான் ஒட்டிக்கிட்டு இருந்தேன். அதனாலதான் எனக்கு..."

"தெரியும்" என்றாள் அம்மா.

அவள் நிமிர்ந்தாள்.

"நீ அதைப் பிடுங்கி முதுகுக்குப் பின்னால சொருகினதைப் பார்த்தேன்."

"அப்ப ஏம்மா எல்லார்கிட்டயும் அப்படிச் சொன்ன?"

"வேற என்ன சொல்லச் சொல்ற? அவர் போயிட்டார். நீ நாலு பேர் முகத்துல முழிக்கணும்ல?" அம்மா நெற்றி வீக்கத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். "நீயா ஒரு நாள் என்கிட்ட சொல்லுவேன்னு பார்த்தேன். டாக்டர் ரூம்லயாவது சொல்லுவேன்னு பார்த்தேன். சரி, அண்ணனுக்கு ஃபோன் போடு. நான் சொல்ல மாட்டேன், நீயே சொல்லு."

சொன்னாள். எல்லாம் முடிந்ததும் அண்ணன், "டாக்டர் கேட்டப்ப நீ எங்க நடுவுலதான உட்கார்ந்திருந்த?" என்றான். ஃபோனை வைத்துவிட்டான். அவன் அப்புறம் அவளோடு முகம் கொடுத்துப் பேசவே வெகுநாள் ஆனது. ஆனால் டாக்டரைப் பார்த்துப் பேசி மாத்திரையை நிறுத்தியது அவன்தான், வீட்டைப் பூட்டுகிற பேச்சையும் அவன் மறுபடி எடுக்கவில்லை.

அதெல்லாம் பிற்பாடு. அந்தச் சாயங்காலம், அவள் ஃபோனை வைத்துவிட்டு நின்றபோது, அம்மா கட்டிலைவிட்டு எழுந்திருக்கவில்லை.

"அது இருக்கா உன்கிட்ட?"

"எது?"

"அவர் சத்தம். போடு, கேக்கறேன். காதுல மாட்டற அதுல இல்ல. வெளியில கேக்கற மாதிரி."

லேப்டாப்பை எடுத்துவந்து, அப்பாவின் தலைமாட்டில் மெஷின் நின்ற இடத்தில் வைத்தாள். துடைத்த லூப் இல்லை, துடைக்காதது. ரீங்காரம் கிளம்பியது. புஸ், டொக். கொப்பளிப்பு. மெல்லிய விசில். அம்மா கண்ணை மூடவில்லை, மெத்தையைப் பார்த்தபடி கேட்டாள். தட்டல் வர இருந்த இடத்தில் அவள் கை டம்ளரைத் தேடி நகர்ந்தது, தேடியதைத் தானே கண்டு மடியில் வைத்துக்கொண்டாள். இந்த முறை எழுந்திருக்கவில்லை.

வெகுநேரம் ஓடியது.

"எப்ப நிக்கும்?" என்றாள் அம்மா.

"நிக்காதும்மா. வாலைத் தலையோட ஒட்டி வச்சிருக்கேன். நாமா நிறுத்தினாத்தான்."

"நிறுத்து."

அவள் கை போய்ப் பாதியில் நின்றது. "என்னால முடியாதும்மா. நீயே..."

"அவர் மூச்சு நின்னதை நான் ஒரு தடவை கேட்டேன். இன்னைக்கு உன்னால இன்னொரு தடவையும் கேட்டாச்சு. நீதான் இன்னும் கேக்கல. நிறுத்து."

அப்பா இழுத்தார். விசில் மேலே போனது. கடைசிப் படியில் இரண்டு முறை தடுக்கினார். அவள் விரலை அழுத்தினாள்.

தெருவில் யாரோ சைக்கிளை நிறுத்தினார்கள். முன்னறையில் டிவி யாருக்கும் இல்லாமல் பேசிக்கொண்டிருந்தது. இந்த அறைக்குள் அடுத்த மூச்சு வரவேண்டிய இடம் வந்தது. அவள் உடம்பு மொத்தமும் அதற்காக முன்னால் சாய்ந்தது. அந்த இடம் வந்து, நின்று, காலியாகக் கடந்து போனது.

"கேட்டுச்சா?" என்றாள் அம்மா.

கேட்டது.